மூன்று நிமிட அமெரிக்கா

இடது காதில் அமெரிக்கா, வலது காதில் பழவேற்காடு ஏரி. என் பதினான்காவது வயதின் காலைகள் இப்படித்தான் போயின. இயர்போனின் ஒரு பக்கம் வாங்கிய மாதமே செத்துவிட்டதால், உயிரோடிருந்த பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர், பனி கொட்டியதால் ஏதோ ஒரு மாநிலத்தில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்ட செய்தியை, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருப்பார். மறுகாதில் தண்ணீர் ‘சளப் சளப்’பென்று கரையில் மோதிக்கொண்டிருக்கும். அந்த ஒயரில் எப்போதும் சேற்று நாற்றம் அடிக்கும். சேற்றுக் கையோடு அதைத் தொடாதே என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். இன்றைக்கு அந்த நாற்றத்துக்காக ஏங்குகிறேன் என்று எழுதினால் அழகாக இருக்கும்; ஆனால் பொய். நாற்றம் நாற்றம்தான். நான் ஏங்குவது வேறொன்றுக்காக. அதற்கு வருகிறேன்.

எங்கள் குப்பத்தில் யாரிடமும் பெரிய வலை கிடையாது, படகு கிடையாது. கடலோரக் குப்பத்துக்காரர்களுக்குப் ‘பாடு’ உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். எங்களுக்கு இருந்ததெல்லாம் ஆளுக்கு இரண்டு கையும், குப்பத்துக்கு எதிரே ஏரியோரத்தில் கிடந்த ‘நண்டுப் பள்ளம்’ என்ற சேற்றுப் பரப்பும்தான். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பெண்கள் அதில் இறங்குவார்கள். உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, அடியிலிருக்கும் சேற்றை இரண்டு கையாலும் தடவி, கைக்குள் துள்ளும் இறாலைப் பிடித்துப் ‘பறி’க்குள் போடுவார்கள். பறி என்பது பனை ஓலையில் பின்னிய, வாய் குறுகிய கூடை. இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலையாக இருப்பதால், கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வதுதான் வழக்கம். ஆக, ஏரிக்குள் இருக்கும் நான்கைந்து மணி நேரமும் அம்மா பேசமாட்டாள். பேச முடியாது. கரையேறிப் பறியைக் கீழே வைத்ததும் அத்தனை பேச்சையும் மொத்தமாகக் கொட்டுவாள். இறால் கொட்டிவைக்கும் வாளிக்குக் காவலாகக் கரையில் உட்கார்ந்திருக்கும் நான்தான் அதைக் கேட்டாக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்றால் கரும்பலகையில் எழுதிப் போடும் பதிலைப் பார்த்து எழுதுவது. புரியவேண்டிய அவசியமே இல்லை. எனக்கு இங்கிலீஷ் வந்தது பழவேற்காடு கடைத்தெருவில் இருந்த கரீம் பாயின் மொபைல் கடையிலிருந்து. மெமரி கார்டில் சினிமாப் பாட்டு ஏற்றித் தருவதுதான் அவர் தொழில். வெளிநாடு போக வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை இருந்ததால், அமெரிக்காவில் யாரோ நடத்திய இங்கிலீஷ் பாடம் ஒன்றை வாரா வாரம் இறக்கித் தானும் கேட்டுக்கொண்டிருந்தார். நைனாவின், அதாவது அப்பாவின், பழைய போனை எடுத்துக்கொண்டு நான் போய் நின்றபோது, “பாட்டு வேணாமா? இங்கிலீஷா? வாம்மா, எனக்கும் ஒரு ஜோடி கிடைச்சுது” என்று சிரித்தபடி அதை எனக்கும் ஏற்றித் தந்தார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பழைய பாடத்தை அழித்துப் புதியதைப் போடுவார். எந்த வானொலி, யார் குரல், எதுவும் எனக்குத் தெரியாது. பாடத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பேசுவார்கள். அவர் அந்த வாரத்துச் செய்தி ஒன்றை மெதுவாகப் படிப்பார். அந்த அம்மாள் அந்தச் செய்தியில் வந்த வார்த்தைகளையும், அமெரிக்காக்காரர்கள் வீட்டிலும் தெருவிலும் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதையும் விளக்குவார்.

இப்படியாக, பொன்னேரியைத் தாண்டாத எனக்கு, அமெரிக்காவில் பெட்ரோல் விலை ஏறியது தெரியும். புயல் வருவதற்கு முன்னால் அங்கே ஜன்னலுக்குப் பலகை அடிப்பார்கள் என்றும், மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் தவித்த பூனைக்குத் தீயணைப்பு வண்டி வந்தது என்றும் தெரியும். வேண்டாத சாமான்களை வீட்டு வாசலில் பரப்பி விற்பார்கள், விருந்துக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு சமையல் செய்து எடுத்துக்கொண்டு போவார்கள், நாயை நடக்கக் கூட்டிப் போகும்போது கையில் ஒரு பை வைத்திருப்பார்கள். கேட்டதை எல்லாம் அம்மாவிடம் ஒப்பிப்பேன். அம்மா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, “நாயி பேண்டத பையில அள்ளிக்கினு போவானா? போயி?” என்பாள். போய் என்ன செய்வான் என்று பாடத்தில் சொல்லவில்லை. “அத மொதல்ல கேட்டு வையி, அப்புறம் மத்தது கத்துக்கலாம்.”

இன்னொரு நாள், அங்கே முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சைத் தொடங்குவதற்கு முன் வானிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், “இன்றைக்கு அழகான நாள், இல்லையா” என்று கேட்க வேண்டும், அதுதான் மரியாதை என்றேன். அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

“வானம் அவன் தலைக்கு மேலயுந்தான கீது? அத நீ வேற போயி அவனுக்கு சொல்லணுமா?”

எனக்கு அம்மாவைப் பார்த்தால் அப்போதெல்லாம் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் குரல், அவள் துப்புவது, யாராயிருந்தாலும் எடுத்த எடுப்பில் முகத்துக்கு நேராகப் பேசுவது, எல்லாம் எனக்கு உறுத்தும். கரையில் இறால் வாங்க வரும் வியாபாரி தராசை எடுப்பதற்கு முன்பே, “முடியாது!” என்பாள். அவன் இன்னும் விலையே சொல்லியிருக்கமாட்டான். “நான் இன்னும் வாயே தொறக்கலியே கன்னிம்மா” என்று அவன் சிரிப்பான். “நீ தொறந்தா இன்னா வரும்னு தெரியும். முடியாது. இப்போ சொல்லு” என்பாள். முடியாது என்பதை முதலில் நட்டுவிட்டு அதற்கப்புறம்தான் பேச்சு. எங்கள் குப்பத்துப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான்; நான்கு மணி நேரம் வாயைக் கட்டிப்போட்டிருந்தவர்களுக்கு முகவுரை பேசப் பொறுமை இருக்காது. நானோ கஞ்சி ஊற்றிக் கொடுத்தால்கூடத் ‘தேங்க்யூ’ சொல்லப் பழகிக்கொண்டிருந்தேன். “இன்னாடி, நான் இன்னா ஓட்டல் கடையா வெச்சிகீறேன்?” என்று அம்மா கரண்டியை ஓங்குவாள்.

அந்தச் சமயத்தில்தான் குளத்துப் பாடம் வந்தது. அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில், வாத்துகள் நீந்தும் குளம் ஒன்றை மூடிவிட்டு அங்கே பெரிய கடை கட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊர்க்கூட்டம் கூடுகிறது. யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் நின்று பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டு மூன்று நிமிடம் பேசலாம். மூன்று நிமிடம் முடியும்வரை தலைவரே ஆனாலும் குறுக்கே பேசக்கூடாது. ஒரு பெண்மணி எழுந்து, முதலில் எல்லோருக்கும் நன்றி சொல்கிறாள். பிறகு கடைக்காரர்களைப் பாராட்டுகிறாள். ஊருக்கு வேலை கொண்டுவர நினைத்தது எவ்வளவு நல்லது, கட்டடத்தின் படம் எவ்வளவு அழகு என்கிறாள். அதற்கப்புறம், “பட்” என்கிறாள். ஆனால். அதிலிருந்துதான் குளத்தைப் பற்றிப் பேசுகிறாள். முடிவில் குளம் தப்பித்தது. பாடம் சொன்ன அம்மாள் விளக்கினார்: பக்குவப்பட்டவர்கள் மறுப்புச் சொல்வது இப்படித்தான். முதலில் நன்றி, அப்புறம் பாராட்டு, அதன்பிறகு ‘பட்’. சொல்ல வந்தது அந்தப் ‘பட்’டுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் அதற்காகக் காத்திருப்பார்கள்.

அந்தப் பாடத்தை மட்டும் அழிக்கவேண்டாம் என்று கரீம் பாயிடம் கெஞ்சி வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்மணி பேசியது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு மனப்பாடம். வாத்து நீந்தும் ஒரு குட்டைக்காக ஊரே உட்கார்ந்து ஒரு பெண் பேசுவதை மூன்று நிமிடம் வாயைத் திறக்காமல் கேட்ட அதிசயத்தை என்னால் மறக்கவே முடியவில்லை.

அடுத்த வருடமே எங்களுக்கும் கூட்டம் வந்தது. நண்டுப் பள்ளத்தையும் அதையொட்டிய கரையையும் வளைத்துப் பெரிய விடுதி ஒன்றும், உல்லாசப் படகுகள் வந்து நிற்கத் துறையும், சுற்றி மதிலும் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. பேச்சாக இருந்தது ஒருநாள், கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் என்ற நோட்டீஸாக ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்டது. பஞ்சாயத்து ஆபீசில் அந்தத் திட்டத்தைப் பற்றிச் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அங்கிருந்தவர் சொன்னார். நைனா என்னைச் சைக்கிளில் ஏற்றிக் கூட்டிப்போனார். இரண்டு நாள் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, தெரியாத வார்த்தைகளைக் கரீம் பாயிடம் கேட்டு, நடுவில் ஒரு பக்கத்தில் எங்கள் இடத்தைக் கண்டுபிடித்தேன். படத்தில் நண்டுப் பள்ளத்துக்குச் சாம்பல் வண்ணம் தீட்டியிருந்தார்கள். பக்கத்தில், யாரும் பயன்படுத்தாத சதுப்பு நிலம் என்று எழுதியிருந்தது.

வேப்பமரத்தடியில் எல்லோரும் கூடியிருந்தபோது அதைப் படித்துச் சொன்னேன். முதலில் யாருக்கும் கோபம்கூட வரவில்லை, சிரித்தார்கள். “யாரும் இல்லியா? அப்போ தினம் சேத்துல குந்திகீறது இன்னா, பேயா?” என்றாள் அம்மா. சிரிப்பு அடங்கிய பிறகுதான் பயம் வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யார் பேசுவது என்ற பேச்சு வந்தபோது, “பொஸ்தகம் இங்கிலீஷ்ல கீது, பதிலும் இங்கிலீஷ்லதான் போவணும், தமிழ்ல சொன்னா அவன் இஷ்டத்துக்குத் திருப்பி எழுதிக்குவான்” என்று நான்தான் சொன்னேன். நானேதான். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஆளாளுக்குப் பேசினா கொழம்பிப்பூடும். தேவியே பேசட்டும்” என்று முடிவானது. பதினைந்து வயதுப் பெண்ணை நம்பி ஒரு குப்பமே வாயை மூடிக்கொண்டது.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதித் திருத்தினேன். அந்தக் குளத்துப் பெண்மணி பேசிய அதே வரிசை. அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டியபோது பாதியிலேயே கையை நீட்டித் தடுத்தாள்.

“இன்னாடி இது, அவனுக்கு நன்றி சொல்ற? இன்னாத்துக்கு?”

“மரியாதைக்கும்மா. மொதல்ல நல்லதா ரெண்டு சொல்லிட்டு, அப்புறம் நம்ம விஷயத்த சொல்லணும். அங்கெல்லாம் அப்டித்தான்.”

“அங்க யாரு சேத்துல எறங்கறா? மொதல்ல வேணாம்னு சொல்லு. அது அவன் காதுல வுழட்டும். அதுக்கப்புறம் நீ வானத்தப் பத்திப் பேசு, மானத்தப் பத்திப் பேசு.”

“எறா யாவாரமாம்மா இது? எடுத்ததும் முடியாது முடியாதுன்னு கத்தறதுக்கு? உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு.”

அம்மா சும்மா இருந்தாள். அவள் என்னிடம் தோற்றுப்போனதாக எனக்கு அன்றைக்கு ஒரு சந்தோஷம். “படிச்சவ சொல்றா” என்று மட்டும் முணுமுணுத்தாள்.

கூட்டத்துக்குச் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி, மேடையில் வெள்ளைத்துணி விரித்த மேசை வைத்திருந்தார்கள். முன்வரிசைகள் முழுக்க எங்களுக்குத் தெரியாத முகங்கள். இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். அன்றைக்குத் தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம், ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு எங்கள் குப்பத்துப் பெண்கள் எல்லோரும் குளித்து, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, நாற்காலி கிடைக்காமல் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விடுதியின் படத்தைத் திரையில் காட்டினார்கள். நீலத் தண்ணீர், வெள்ளைப் படகு, தென்னை மரம். ஏரி அத்தனை நீலமாக இருந்து நான் பார்த்ததில்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடைக்குக் கீழே வைத்திருந்த மைக்கைக் கையில் எடுத்தேன். பெயரைச் சொன்னேன், குப்பத்தைச் சொன்னேன். இன்றைக்கு அழகான நாள் என்றேன். மேடையிலிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்றேன். எங்கள் பகுதிக்கு வேலைவாய்ப்புக் கொண்டுவர நினைத்த நிறுவனத்தாருக்கு நன்றி என்றேன். உங்கள் கட்டடத்தின் படம் மிகவும் அழகாக இருக்கிறது, இவ்வளவு அழகான கட்டடத்தை நான் பார்த்ததே இல்லை என்றேன். எல்லாம் இங்கிலீஷில், அந்த அமெரிக்க அம்மாளின் ஏற்ற இறக்கத்தோடு. ‘பட்’ சொல்வதற்கு முன்னால், பாடத்தில் கேட்ட மாதிரியே, ஒரு மூச்சு இடைவெளி விட்டேன்.

அந்த இடைவெளியில் கைதட்டல் எழுந்தது.

முன்வரிசையில்தான் தொடங்கியது. பஸ்ஸில் வந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். அது அப்படியே பின்னால் பரவியது. திரும்பிப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்த எங்கள் பெண்கள் அத்தனைபேரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். நம்ம பொண்ணு தாட்பூட்டென்று இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிறாள் என்ற பூரிப்பு அவர்களுக்கு. நைனா தலைக்கு மேலே கையை உயர்த்தித் தட்டினார். அம்மா தட்டினாள். சேறு ஊறி நகமெல்லாம் கறுத்த அந்தக் கைகளை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துத் தட்டினாள். அந்த இரைச்சலில் ஒருவர் என் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கினார். பிடுங்கியிருந்தால் ஒருவேளை கத்தியிருப்பேன். அவர் அப்பா மாதிரி என் தலையைத் தடவிவிட்டு வாங்கினார். “ரொம்ப நல்லா பேசினம்மா. பதிவாயிடுச்சு. அடுத்து” என்றார் அதிகாரி. நானோ, பழகின நாக்கு, “தேங்க்யூ” என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் ஏங்குவதாகச் சொன்னது, மிச்சமிருந்த அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான்.

ஓடிப்போய்த் திரும்ப வாங்கியிருக்கலாம். தமிழில் கத்தியிருக்கலாம். வேண்டாம் என்ற ஒரே ஒரு வார்த்தை போதுமாயிருந்தது, அதைச் சொல்லத்தானே அத்தனை பேரும் என்னை அனுப்பினார்கள்? நான் மரம் மாதிரி நின்றேன். யாராவது என்னை மறுபடி கூப்பிடுவார்கள், ‘உன் நேரம் இன்னும் முடியவில்லையே’ என்று சொல்வார்கள் என்று சத்தியமாக எதிர்பார்த்தேன். என் முறைதான் முடிந்துவிட்டதே! அடுத்தவர் பேசத் தொடங்கியிருந்தார். பின்வரிசைக்குப் போனபோது பெண்கள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். அம்மா என் காதோரம் குனிந்து, “எல்லாத்தையும் சொல்லிட்டியா?” என்றாள்.

“சொல்லிட்டேம்மா” என்றேன்.

பயம்தான் காரணமென்றால் மன்னித்துக்கொள்ளலாம். பயம் மட்டுமில்லை. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. அங்கே இருந்தவர்களில் நான் பேசியது என்னவென்று புரிந்த எங்கள் ஆள் ஒரே ஒருவர், கரீம் பாய். வெளியே வரும்போது என்னைத் தனியாக நிறுத்தி, “ஏம்மா அதோட நிறுத்திட்டே?” என்றார். அவர் அதற்குமேல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்துக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வந்தது. படிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள், குப்பத்தில் வேறு யாருக்கு இங்கிலீஷ் தெரியும்? அதே வேப்பமரத்தடி. அதில் என்னைப் பற்றி இரண்டு வரி இருந்தது: உள்ளூர் மாணவி ஒருவர் திட்டத்தை வரவேற்று நிறுவனத்துக்கு நன்றி தெரிவித்தார், கட்டடத்தின் வடிவமைப்பைப் பாராட்டினார். ஒரு வார்த்தைகூடத் தப்பாக எழுதவில்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள். அதற்கு மேலே இருந்ததைப் படித்தேன், கீழே இருந்ததைப் படித்தேன். நடுவிலிருந்த அந்த இரண்டு வரியைத் தாண்டிப்போனேன். “உன்னிது எங்க?” என்று நைனா கேட்டபோது, “எதிர்ப்புத் தெரிவித்தவங்கன்னு மொத்தமா போட்டிருக்காங்க நைனா” என்றேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அதுதான்.

மதில் வந்தது. முதலில் முள்கம்பி, பிறகு சிமெண்ட். பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கினார்கள். மிச்சமிருந்த தண்ணீருக்கு நீலப் பந்து கட்டிய கயிற்றால் எல்லை போட்டார்கள். நைனாவைக் காவலுக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம்தான் போனார். கயிற்றைத் தாண்டி வந்து தடவும் பெண்களை விசிலடித்து விரட்ட வேண்டும் என்றதும், “உங்கம்மாவையே தொரத்தச் சொல்றான், போடான்னுட்டேன்” என்று சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதன்பிறகு கட்டட வேலைக்குப் போனார், எளாவூர் பக்கம் செங்கல் இறக்கப் போனார், இருமலோடு திரும்பி வந்தார், இரண்டு மழைக்காலம் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். பெண்கள் விடிவதற்குள் ஷேர் ஆட்டோ ஏறி, எங்கோ இருக்கும் ஐஸ் கம்பெனியில் யாரோ பிடித்த இறாலுக்குத் தோல் உரிக்கப் போகிறார்கள். பாதிக் குடும்பம் அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கம் வாடகைக்குப் போய்விட்டது. நீ ஒழுங்காகப் பேசியிருந்தாலும் மதில் வந்திருக்கும் என்று கரீம் பாய் ஒருமுறை சொன்னார். இருக்கலாம். ஆனால், வந்திருந்தால் எங்களை மீறி வந்திருக்கும். இப்போது எங்கள் நன்றியோடு வந்தது. அந்தக் காகிதம் ஏதோ ஓர் ஆபீசில் இன்னும் பத்திரமாக இருக்கும்.

அந்த இங்கிலீஷ்தான் எனக்குச் சோறு போடுகிறது. சென்னையில் ஓர் அலுவலகத்தில், அமெரிக்காவிலிருந்து போனில் குறை சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. உங்கள் ஊரில் இன்று வானிலை எப்படி என்று கேட்டுத்தான் தொடங்குவேன். அவர்களும் பாடத்தில் சொன்னபடியே, உன் உதவிக்கு நன்றி, நீ பொறுமையாகப் பேசுகிறாய் என்றெல்லாம் சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடுவார்கள். நான் வாயைத் திறக்காமல் காத்திருப்பேன். அந்தப் ‘பட்’டுக்காகக் காத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

போன பொங்கலுக்குக் குப்பத்துக்குப் போயிருந்தேன். வீட்டு வாசலில் நின்றால் இப்போது ஏரி தெரிவதில்லை, மதில்தான் தெரிகிறது. பறி பின்ன ஓலை கொண்டு வருகிறவரும் வருவதில்லை. அம்மாவுக்கு முன்பல் நான்கும் போய்விட்டன, வருடக்கணக்காகக் கூடையைக் கடித்த பல். பகல் சோறு தின்றுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். வேறெங்கோ ஓர் ஊரில் இதே மாதிரிக் கூட்டம். ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி, அன்னிக்கு நீ பேசினியே, அது முழுசா இன்னான்னு இன்னி வரிக்கும் எனக்குத் தெரியாது. ஒரு தபா தமிழ்ல சொல்லேன்.”

இத்தனை வருடத்தில் அவள் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் காலை மடக்கி, நேராக உட்கார்ந்து, கேட்கத் தயாராகிவிட்டாள். நான் முதலில், “வேணாம்” என்றேன். “எங்களுக்கு இந்த ஓட்டல் வேணாம். யாரும் இல்லாத எடம்னு நீங்க எழுதிகீற எடத்துல எங்கம்மா தெனம் நாலு மணி நேரம் குந்திகீறாங்க. வாயில பறிய கடிச்சிக்கினு இருக்கறதால அவங்களால பேச முடியாது. அதனால நான் பேச வந்தேன். எங்க வூட்ல அடுப்பு எரியறது அந்தப் பள்ளத்தாலதான். நான் படிக்கறதும் அதாலதான். அத எடுத்துட்டா நாங்க எங்க போவோம்னு உங்க பொஸ்தகத்துல ஒரு பக்கத்துலகூட இல்ல. மறுபடியும் சொல்றேன், வேணாம்.” கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது எதுவும் எனக்கு மறந்திருக்கவில்லை. எங்கேயும் தடுக்காமல், மூன்று நிமிடம், சொல்லி முடித்தேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொக்கை வாயால் அப்படியொரு பெருமையாகச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல இறங்கி, முகம் சுருங்கியது.

“இவ்ளோ சொல்லியுமா கேக்கல, பாவிங்க?”

“கேக்கலம்மா” என்றேன்.